எட்டாம் வேற்றுமை

பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. தூய தமிழ்ப் பெயரா, பௌத்தப் பெயரா, அம்பேத்கர் பேரா, இல்லை குலசாமி பேரா என்று தோழர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வைக்கிற பெயரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அதைக் கூப்பிடுகிற வாயைப் பற்றி ஏன் பேசுவதில்லை? ஒரு பெயர் யாருக்குச் சொந்தம்? வைத்தவருக்கா, சுமக்கிறவருக்கா, கூப்பிடுகிறவருக்கா? இது இலக்கணக் கேள்வி மாதிரித் தெரியும். எங்கள் ஊரில் இது அடிதடிக் கேள்வி.

வெம்பக்கோட்டை வட்டத்தில் தாயில்பட்டியும் அதைச் சுற்றிய ஊர்களும் கரிசல் காடு. மழை பொய்த்தால் மண் வெடிக்கும். அதை நம்பிப் பிழைக்க முடியாது என்றுதான் சனங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போனார்கள். காட்டுவேலை போய் வெடிவேலை வந்ததில் ஒரு நன்மை உண்டு. மொதலாளி வீட்டு வாசலில் நின்று படியளக்கக் காத்திருக்கும் கேவலம் குறைந்தது. ஆனால் கூப்பிடுகிற முறை மட்டும் காட்டிலிருந்து அப்படியே ஆபீசுக்குக் குடிவந்துவிட்டது. தலை நரைத்த எங்கள் தாத்தாமார்களை மீசை முளைக்காத பையன் பேர் சொல்லி "இங்க வா" என்பான். அவர் அந்தப் பையனை "சின்ன மொதலாளி" என்பார். வயசைக் காட்டிலும் பெரிய வயசு ஒன்று இருக்கிறது, அது சாதி. பேர் சொல்லிக் கூப்பிடுவதே கூட மரியாதை என்று ஆகிவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஏனென்றால் பாதி நேரம் பேரே கிடையாது. "ஏ பகடை", "ஏலே", "ஏ இவனே", "அந்தா போறவளே" இவ்வளவுதான்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தபோது தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு விசயம் என்னைப் பிடித்துக்கொண்டது. எழுவாயாக நிற்கும் பெயர் முதல் வேற்றுமை. அந்தப் பெயரைக் கூப்பிடுவது, அதாவது விளி, எட்டாம் வேற்றுமை. இயல்களின் வரிசையைப் பாருங்கள்: விளிமரபு நாலாவது இயல், பெயரியல் அஞ்சாவது இயல். கூப்பிடுவதைச் சொன்ன பிறகுதான் பெயரின் வகைகளை விரிக்கிறார். இந்த வரிசைக்கு உரைகாரர்கள் சொல்லும் காரணம் வேறு. எனக்கு என்னவோ இது நம் வாழ்க்கையின் வரிசையாகத் தோன்றியது. நம்மை முதலில் கூப்பிட்டார்கள். பெயர் அப்புறம்தான் வந்தது. இன்னொன்றும் உண்டு. அவன், இவன் போன்ற சுட்டுப்பெயர்கள் விளி ஏற்காது என்பது இலக்கணம். "இவனே!" என்று ஒருவரைக் கூப்பிட முடியாது. தொல்காப்பியர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் அந்தச் சூத்திரத்தைத் திருத்தியிருப்பார். இலக்கணம் விளிக்க முடியாது என்று ஒதுக்கிய சொல்லைக் கொண்டு ஒரு சனத்தையே தலைமுறை தலைமுறையாக விளித்திருக்கிறார்கள்.

இழிந்த பெயர் வைப்பது சாஸ்திரமாகவே இருக்கிறது. பிராமணனுக்கு மங்களமான பெயர், சத்திரியனுக்கு வலிமையைக் குறிக்கும் பெயர், வைசியனுக்குச் செல்வத்தைக் குறிக்கும் பெயர், சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயர் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பங்கு வைக்கிறது. அந்தப் பந்தியில் நமக்கு இலையே கிடையாது. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி உண்மைதான். குப்பன், குப்பம்மா, பிச்சை, மண்ணாங்கட்டி, மூக்கன் என்ற பெயர்களை எல்லாம் ஆண்டையோ மொதலாளியோ வைத்ததில்லை. பிறந்த பிள்ளைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாகும்போது, அடுத்த பிள்ளையையாவது காப்பாற்றணும் என்று தாய் அதைக் குப்பையில் போட்டு எடுப்பாள்; மூக்குக் குத்துவாள்; தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லுவாள். எமன் கண்ணுக்கு இது மதிப்பில்லாத பண்டமாகத் தெரியட்டும் என்கிற தந்திரம் அது. மற்ற சாதிகளிலும் இந்தப் பெயர்கள் உண்டு. அங்கே குப்புசாமி என்பார்கள். பின்னால் ஒரு சாதிப் பட்டம் சேர்ந்ததும் அது கனவான் பெயராகிவிடும். எங்கள் தெருவில் அதே பெயர் குப்பையாகவே நின்றுவிடும். ஆக இழிவு சொல்லில் இல்லை, எங்கே நின்று சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஒரு தாய் வைத்த பெயரைச் "சே, அடிமைப் பெயர்" என்று நம் தோழர்களே முகம் சுளிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நல்ல பெயர் வைத்தவர்களுக்கும் சுகமில்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு ராணி என்று வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது "எந்த அரமனைக்கு ராணி?" என்று கேட்டுவிட்டு, வாத்தியார் வேறு ஒரு பெயரை எழுதி அனுப்பினார். அந்தக் காலத்து வாத்தியார். இன்று அப்படி எழுத முடியாது. ஆனால் எழுதாமலே செய்யலாம். ராஜா என்ற பெயரை ராஜு ஆக்கி, ராசு ஆக்கி, கடைசியில் "ஏ ராசு" ஆக்குவது ஒரு கலை.

நமக்கு நாமே பெயர் வைத்துக்கொண்ட வரலாறு நீண்டது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பறையன்'. எதைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே முகப்பில் பெரிய எழுத்தில் போட்டார். காசு கொடுத்து வாங்குகிறவன் அந்தச் சொல்லை மரியாதையோடு கேட்டு வாங்கட்டுமே! அயோத்திதாசப் பண்டிதருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அது எதிரிகள் நம்மேல் சாத்திய பெயர், நாம் பூர்வத் தமிழர் என்றார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். ஒருவர் வசைப்பெயரைப் பிடுங்கித் தன்னுடையதாக்கினார், இன்னொருவர் அதை வீசியெறிந்தார். யார் சரி? நூறு வருசம் கழித்தும் என்னால் ஒருபக்கம் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருமே பெயரைத் தாங்களே தீர்மானிப்போம் என்றார்கள், அது பெரிய விசயம். பிறகு 1922-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் பஞ்சமர், பறையர் என்பதற்குப் பதில் தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர், தெலுங்குப் பகுதியில் ஆதிஆந்திரர் என்று சென்னை மாகாண அரசு எழுதத் தொடங்கியது. காந்தி ஹரிஜன் என்றார், அம்பேத்கர் ஏற்கவில்லை. 2021-ல் பள்ளன், குடும்பன் உள்ளிட்ட ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவர நாடாளுமன்றமே சட்டம் போட்டது. எங்களுக்கும் ஏழு பெயர்தான்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதிஆந்திரர். 2009-ல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இந்த ஏழும் இருக்கின்றன. அந்தச் சட்டம் செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சந்தோசம். ஆனால் பட்டியலைக் கொஞ்சம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். சக்கிலியன், பறையன், பள்ளன். அரசாங்கமே "ன்" போட்டுத்தான் கூப்பிடுகிறது. சான்றிதழ் வாங்கப் போகிறவன் அந்த "ன்"-ஐக் கையெழுத்துப் போட்டு வாங்கணும்.

பெயரை மாற்றினால் சாதி போகும் என்று மதம் மாறியவர்களும் நம்பினார்கள். இங்கே எட்டும் தூரத்தில் முத்துக்குளித்துறைக் கடற்கரை. 1530-களில் அங்கே பரதவர்கள் போர்ச்சுக்கீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ் என்று பெயர் வந்தது. சாதி கலையவில்லை, அதே கட்டோடு கோயிலுக்குள் போனது. கோவாவில் இன்னும் தெளிவாகத் தெரியும். பாதிரியார், ஞானத்தகப்பன் இவர்களின் பெயரே குடும்பப் பெயராகிப் பல சாதிக்காரர்களும் டிசோசா, பெர்னாண்டஸ் ஆனார்கள். பெயரைக் கேட்டால் யார் என்ன சாதி என்று வெளியாளுக்குத் தெரியாது. ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது பாமண், சார்டோ, சுதிர் என்று பிரிந்து நின்றார்கள். பெயர் மூடியது, வாய் திறந்தது.

கோவாக்காரர்களுக்குப் பெயரோடு மொழியும் பறிபோகப் பார்த்தது. கொங்கணியைக் கைவிட்டுப் போர்ச்சுக்கீசு பேசணும் என்று 1684-ல் ஆணையே போட்டார்கள். மூன்று வருசம் கெடு. ஆணை போட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், கொங்கணி வீட்டுக்குள் இருந்து பிழைத்துக்கொண்டது. தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம், அரபு என்று அஞ்சு எழுத்தில் அதை எழுதுகிறார்கள். மராத்தியின் கிளைமொழி என்று ஒதுக்கப்பட்டது, போராடி 1987-ல் கோவாவின் ஆட்சிமொழியானது. 1992-ல் எட்டாவது அட்டவணையில் ஏறியது. ஆட்சிமொழி ஆகும்போது தேவநாகரி எழுத்துக்குத்தான் சட்டத்தில் இடம் கிடைத்தது. ரோமன் எழுத்தில் பாட்டும் நாடகமும் பத்திரிகையும் வளர்த்த கத்தோலிக்கர்கள், அதிலும் உழைக்கிற சனங்கள், வெளியே நின்றார்கள். ஒரு மொழி விடுதலை பெறும்போது கூட, அதைப் பேசுகிறவர்களில் யாருடைய வாய்க்கு விடுதலை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதை நான் வெறும் தகவலாகப் படிக்கவில்லை. எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. அவ்வா என்னிடம் தமிழ் பேசிக் கேட்டதில்லை. (பெயரைப் பற்றிய கட்டுரையில் அவளுடைய பெயரை எழுதாமல் விடுகிறேன். கேட்காமல் அச்சில் ஏற்ற எனக்கு மனசில்லை.) எங்கள் தெலுங்குக்கு அஞ்சு எழுத்து வேண்டாம், ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. ஆந்திராவில் எழுதுகிற தெலுங்கை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ். நான் எம்.ஏ. வரை படித்ததும் தமிழ்தான், என் உயிர் கிடப்பதும் அதில்தான். கணக்கெடுக்க வருகிறவர் தாய்மொழி கேட்டால், எங்கள் சனம் தமிழ் என்று சொல்லி அனுப்பிவிடும். தெலுங்கு என்றால் "வந்தேறி" என்பான், எதற்கு வம்பு? இதே கரிசலில் நாயக்கர்மார் வீட்டிலும் தெலுங்குதான். அவர்கள் தெலுங்கு பேசினால் பாளையப்பட்டு வரலாறு, குடிபெயர்ந்து வந்த காவியம். நாங்கள் பேசினால் அந்நியம். எங்கள் ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிற சில மேடைகளில் அருந்ததியர் தமிழரே இல்லை என்கிறார்கள். செருப்புத் தைத்ததும் கமலை இறைக்கத் தோல்வேலை செய்ததும் சாக்கடை அள்ளியதும் எந்த நாட்டுக்கு?

ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் தெலுங்கிலும் ஊரார் பேச்சுத் தமிழிலும் அது "பேரு"தான். "நீ பேரேமி", "ஒம் பேரென்ன". பெயர் என்பது புத்தகத்தில் மட்டும். அப்படி இரண்டு மொழியிலும் ஒரே சொல்லாக இருந்தும், அதைக் கேட்கிற முறை இரண்டிலும் எங்களுக்கு ஒன்றாகவே இருந்தது. தெலுங்கு பேசுகிற மொதலாளி "ஒரேய்" என்பார், தமிழ் பேசுகிற மொதலாளி "ஏலே" என்பார். மொழியை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒற்றுமையைக் கவனிக்கணும்.

இனி, எங்கள் மாவட்டத்தின் கதை. 1985-ல் இராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தபோது எங்களுடையது காமராஜர் மாவட்டம், பக்கத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பஸ்களுக்கும் அப்படித்தான்: பாண்டியன், சோழன், சேரன், கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், தீரன் சின்னமலை. எல்லாச் சாதிக்காரனும் எல்லாப் பஸ்ஸிலும் ஏறினான். நம் சனங்களும் ஏறினார்கள். இது யாருடைய பெயர், இதில் நான் ஏறலாமா என்று கேட்கவில்லை. 1997 மே மாதம், விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி. வெள்ளைக்காரன் வெடிமருந்துக் கிடங்கில் தன்னையே தீயாக்கிப் பாய்ந்தவர் என்பது சனங்கள் சொல்லும் கதை. மருந்து இடிக்கிற எங்கள் வட்டாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கட்டபொம்மன் பஸ்ஸில் ஏறியவர்களுக்குக் கட்டபொம்மனின் தளபதி பஸ்ஸில் ஏற முடியவில்லை. தளபதி பள்ளர். பஸ் மேல் கல் விழுந்தது, தீ வைத்தார்கள், தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அந்த ஜூலையில் தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர் பெயர்கள் அத்தனையையும் எடுத்தது. சேரனும் சோழனும் காமராஜரும் கூடவே போனார்கள்.

நான் அப்போது சின்னப் பிள்ளை. பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது, பெயரைப் பற்றி இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு தலித் பெயரை உச்சரிக்காமல் இருப்பதற்காக ஒரு மாநிலம் தன் அரசர்கள் எல்லோருடைய பெயரையும் விழுங்கச் சம்மதித்தது. அதைச் சமத்துவம் என்றும் சொல்லிக்கொண்டது. அழிப்பதில் சமத்துவம் இருக்க முடியுமா? எல்லோருக்கும் சோறில்லை என்றால் பந்தி சமமாகிவிடுமா? 'பள்ளர் பெயரில் பஸ் ஓடணும்' என்று ஆதிக்க சாதிக்காரன் வாயில் ஒருநாளாவது அந்தப் பெயர் வந்திருந்தால், "சுந்தரலிங்கம் போயிட்டானா?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டிருந்தால் கூட, அது ஒரு தொடக்கமாக இருந்திருக்கும். எட்டாம் வேற்றுமை அங்கேதான் நடக்க இருந்தது. நடக்கவிடவில்லை.

ஆகவேதான் பெயரை அழிக்கும் ஆணைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்போம் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் "காலனி ஸ்டாப்" என்று கண்டக்டர் கத்தும்போது இறங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பலகையில் அழித்த பெயர் வாயில் இருக்கும். ஒண்டிவீரனுக்கு 2022-ல் தபால்தலை வந்தது. தபால்தலையில் இருக்கும் பகடைக்கு மரியாதை. தபால் கொண்டுபோகும் தெருவில் இருக்கும் பகடைக்கு?

பட்டாசு ஆபீசுக்கு வருகிறேன். பெயர் என்பது மானப் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை, சோத்துப் பிரச்சினை என்பதை அங்கேதான் பார்க்கலாம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேல். இடையிலும் பிறகும் ஒன்று, இரண்டு, அஞ்சு என்று செத்தவர்கள் தனி. அறையறையாக உள்குத்தகைக்கு விட்ட இடங்களில் கூலிக்கு வருகிறவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஏறினாலும் போர்மேன் வாய்க்கு வந்த பெயர்தான் ஏறும். எங்கள் பகுதியில் செத்துப்போன ஒரு பொம்பளைக்கு ரேசன் கார்டில் ஒரு பேரு, ஆபீஸ் கணக்கில் ஒரு பேரு, தெருவில் ஒரு பேரு. நிவாரணப் பணத்துக்கு அலைந்தபோது, மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அவள் புருசன் ஏழு மாசம் நடந்தார். நானும் கூடப் போயிருக்கிறேன். ஒரு மேசையில் அவர் சொன்னார்: "அவ செத்ததுக்கு ஒரு தடவதாங்க அழுதேன். அவதான் அவன்னு சொல்றதுக்குத் தெனம் அழுவுறேன்." ஆயுள் முழுக்க "ஏ இவளே" என்று கூப்பிட்டவர்கள், செத்த பிறகு அவளுடைய சரியான பெயருக்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

சரி, எதிர்த்தரப்பை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் மட்டுமே "அவர்கள்" பார்த்த சனம் நாம். (சிவகாசி அச்சாபீஸ்காரன் காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் "திரு" போடுவான். அந்த வகையில் அச்சு எந்திரம் முற்போக்கானது.) ஆனால் நம் வாயில் "அவர்கள்" யாருக்குக் கிடைக்கிறது? மற்ற தலித் தெருக்களில் எங்களைச் "சக்கிலி" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கும் கீழே, தலித்துகளின் துணி வெளுக்கிற புதிரை வண்ணார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2009-ல் அரசு தனி நல வாரியம் போட்டது. நம் ஆட்கள் பல பேர் அவர்களுக்குப் பெயர் இருக்கிறதா என்றுகூட விசாரித்ததில்லை. சீனிவாசனும் அயோத்திதாசரும் போராடியது நம் கழுத்தில் கிடந்த சொல்லை இன்னொருவர் கழுத்தில் மாட்டுவதற்கு இல்லை.

போன மாசி மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் இளைஞர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். நம்மை "வா, போ" என்கிற யாரையும் இனி நாமும் "வா, போ" என்றே கூப்பிடுவது. "வாங்க" என்று கூப்பிட்டால் "வாங்க". நியாயமான தீர்மானம். மரியாதை என்பது கைமாத்து மாதிரி, திருப்பித் தராதவனுக்கு எத்தனை நாள் கொடுப்பது? பெரியவர்கள் சிலர், நம் நாக்கை நாமே ஏன் கெடுத்துக்கொள்ளணும், எல்லோருக்கும் "ங்க" போட்டுக் கூப்பிடுவோம், அவன் வெட்கப்பட்டுத் திருந்தட்டும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெட்கப்பட்டுத் திருந்துகிற ஆளாக இருந்தால் நம் தாத்தா காலத்திலேயே திருந்தியிருப்பான். நான் இளைஞர்கள் பக்கம்தான் பேசினேன். கை தூக்கச் சொல்லும் நேரத்தில், சரவெடி பின்னிப் பின்னி விரல்நுனி கருத்துப்போன ஒரு அக்கா மூலையிலிருந்து எழுந்து கேட்டது:

"தீர்மானம் போடுங்க, நானும் கை தூக்குறேன். வெளுக்க வர்ற அந்தப் பொம்பளைய நாளைக்குக் காலையில என்ன சொல்லிக் கூப்புடுவீங்க? அவ பேரு இங்க யாருக்காவது தெரியுமா?"

இருபத்தி மூணு பேர் உட்கார்ந்திருந்தோம். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.